மூணாம் கூப்பாடு

செட்டியார்பட்டிக் கீழத்தெருவில் வாந்திபேதி புகுந்தது யுத்தத்துக்கு ரொம்ப முந்தி. மேளம் இல்லை, சங்கு இல்லை, வாய்விட்ட அழுகைகூட இல்லை. மூச்சு நின்றதா என்று பார்க்கக்கூட நில்லாமல் பாயில் சுருட்டித் தூக்கினார்கள். பயம் அப்படி. வெள்ளத்தாயையும் அப்படித்தான் தூக்கினார்கள். குழி வெட்ட ஆள் இல்லாமல் ஓடைக்கரையில் கிடத்திவிட்டு அடுத்த பிணத்துக்குத் திரும்பிவிட்டார்கள், பாவிகள்.

மலைச்சாரல் முகத்தில் விழுந்துதான் அவள் கண் விழித்தாள். பக்கத்தில் இன்னும் சில பாய்கள், ஒன்றும் அசையவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது. 'இருளப்பசாமி, ஒரு வாய்த் தண்ணி' என்று நினைத்தாள், சொல்ல வாய் வரவில்லை. தவழ்ந்தும் விழுந்தும் ஊருக்குள் வந்து சேர்ந்தபோது உச்சிப்பொழுது.

தெருவில் ஈ காக்கை இல்லை. எல்லாக் கதவிலும் வேப்பங்குலை. அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உச்சியில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூணாம் கூப்பாட்டுக்குத்தான் ஏன் என்று கேட்க வேண்டும். செத்தவர் குரலில் வருகிற பேய்க்கு இரண்டுக்கு மேல் கூப்பிட வராதாம். மகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததே வெள்ளத்தாய்தான்.

தன் வீட்டுக் கதவில் சாய்ந்து, "குருவு" என்றாள். உள்ளே பேச்சுச் சத்தம் நின்றது. "ஏட்டி குருவு." மூணாவதுக்குக் குரல் எழும்பவில்லை, காற்றுத்தான் வந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் புருசன் மாரிசாமி மகளிடம் கிசுகிசுத்தது தெளிவாய்க் கேட்டது. "வாயத் தொறக்காத தாயி. அது ஒங்காத்தா இல்ல."

அதைக் கேட்டு அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நிசமாகவே செத்துத்தான் போனோமோ? கையைக் கடித்துப் பார்த்தாள். வலி தெரியவில்லை. ஐயோ, அந்தப் பயம் பகையாளிக்கும் வரக்கூடாது.

தெருக்கோடியில் ஏசம்மாள் வீடு. வேதக்காரி, ஏசுவைக் கும்பிடுகிறவள், ஒண்டிக்கட்டை. அவள் கையால் பச்சைத்தண்ணி வாங்கிக் குடிக்காத தெரு அது, வெள்ளத்தாயும் குடித்ததில்லை. இப்போது அந்த வாசலில் போய் விழுந்தாள். கூப்பிடத் தெம்பில்லை. நகத்தால் கதவைப் பிராண்டினாள்.

கதவு திறந்தது. ஏசம்மாள் கையில் சொம்பு. வாசலிலேயே குந்தினாள். "ஆண்டவரே, என் கூடவே நில்லும்" என்று முணுமுணுத்தபடி தண்ணீரை வெள்ளத்தாய் வாயில் ஊற்றினாள். பிறகு உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி, மடக்கு மடக்காய். பொழுது சாயுமுன் உடம்பில் சூடு திரும்பியது.

"நான் உசுரோட இருக்கேன்னு எப்படிக்கா கண்டுக்கிட்ட?"

"எங்க கண்டேன்? காலையில உன்னயத் தூக்கிட்டுப் போனத என் கண்ணால பாத்தேனே. பேயின்னு நெனச்சுத்தான் தொறந்தேன். பேயின்னாலும் தண்ணிக்குத் தவிச்சுப்போயில்லா வந்திருக்கு, என்ன செய்ய?"

வெள்ளத்தாய் அப்போதுதான் அழுதாள். அழுவதற்குக் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது.

மாரிசாமி வந்து தலையில் அடித்துக்கொண்டான். "பிள்ளையக் காக்கத்தான பாத்திய" என்று சொல்லி அவள் விட்டுவிட்டாள். காப்பாற்றியது இருளப்பசாமியா, ஏசம்மாளின் ஆண்டவரா என்று தெருவே வழக்காடியது. "ஏசம்மாக்கா கையப் பிடிச்சுக் கதவத் தொறக்கவச்சவரு எவரோ, அவரத்தான் கும்பிடுதேன்" என்பாள் வெள்ளத்தாய். அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும், உச்சியானாலும், முதல் கூப்பாட்டுக்கே சொம்போடு எழுந்து போய்விடுவாள்.

மகள் குருவம்மாள்தான் மாறவில்லை. ஆத்தா கூப்பிட்டால் மூணாம் தரத்துக்குத்தான் திரும்புவாள். வேணுமென்று செய்ததில்லை, பயம் உள்ளே அப்படி ஊறிவிட்டது. வெள்ளத்தாயும் சலிக்காமல் மூணு தரம் கூப்பிடுவாள். மகள் கல்யாணமாகித் தளவாய்புரம் போன பிறகும், அவள் வாசலில் நின்று மூணு தரம்.

யுத்தம் முடிந்த வருசம் வெள்ளத்தாய் படுக்கையில் விழுந்தாள். இந்தத் தடவை பிழைக்க மாட்டாள் என்று தெரிந்து மகள் வந்திருந்தாள். அடுப்படியில் வேலையாய் இருந்தவளுக்கு, "குருவு" என்று காற்றுப்போல ஒரே ஒரு தரம் குரல் கேட்டது.

"இந்தா வாரேன் ஆத்தா" என்று தண்ணீர்ச் சொம்போடு ஓடினாள் குருவம்மாள்.