அண்ணனின் நாற்பத்தேழு பேனாக்கத்திகள்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இன்று அவருக்குப் படையலிட வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் நீங்கள் எல்லோரும் அவரோடு நெருங்கிப் பழகியவர்கள். கடைசிக் காலத்தில் அவர் ஏன் யார் வீட்டு விசேஷத்துக்கும் வரவில்லை, ஏன் போனை எடுக்கவில்லை என்று உங்களில் பலர் வருத்தப்பட்டது எனக்குத் தெரியும். அதற்கான காரணத்தை அண்ணியின் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

உத்திரமேரூருக்குத் தெற்கே, ஏரித் தண்ணீரை நம்பியிருக்கும் எங்கள் ஊரில் விவசாயக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாக அண்ணன் பிறந்தார். அவருக்குப் பதினான்கு வயதில் அப்பா பாம்பு கடித்து இறந்தார். விடியலில் மடை திருப்பிவிட்டு, சேற்றுக்காலோடு பள்ளிக்கு ஓடிய பிள்ளை அவர். ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படிப்பு முடித்து, மின்சாரத் துறையில் லைன்மேனாகச் சேர்ந்தார். ராஜகுளம், ஓரிக்கை என்று பல இடங்களில் வேலை பார்த்து, போர்மேனாக ஓய்வு பெற்றார். அவருக்கும் அண்ணிக்கும் பிள்ளைகள் இல்லை. என் திருமண வாழ்க்கை நிலைக்காமல் நான் திரும்பி வந்தபோது, ஒரு கேள்வியும் கேட்காமல் பின்கட்டு அறைக்கு வெள்ளையடித்துக் கொடுத்தார்.

பயம் என்பதை நான் அவரிடம் கண்டதில்லை. புயலடித்த ஒரு வருடம் மூன்று நாள் வீட்டுக்கே வராமல் கம்பம் கம்பமாக ஏறினார். "பயமா இல்லையாண்ணா?" என்று கேட்டேன். "கம்பி உசிரோட கீதா இல்லையான்னு பாத்துக்கினு தொடணும் பாப்பா. அவ்ளோதான்" என்றார். அறுபதை நெருங்கும் என்னைக் கடைசி வரை பாப்பா என்றுதான் கூப்பிட்டார்.

அவருடைய ஒரே ஆசை பேனாக்கத்திகள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வயரின் தோலை உரிப்பதற்காகக் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்து நடைபாதையில் மாட்டுக்கொம்புப் பிடி போட்ட கத்தி ஒன்றை வாங்கினார். அதன் பிறகு வேலைக்கு என்று இல்லாமல், பார்ப்பதற்கென்றே வாங்க ஆரம்பித்தார். பழைய இரும்புக் கடைகளில் மணிக்கணக்கில் உட்கார்ந்து குவியலைக் கிளறுவார். பித்தளை, எலும்பு, ஈட்டி மரம் என்று பிடிகள் பல விதம். ஒட்டுக்கட்டும் தோட்டக்காரர்களின் வளைந்த கத்தியும் உண்டு. ஆனால் அத்தனையும் ஒரே இனம். பொத்தானோ பூட்டோ கிடையாது. முதுகில் இருக்கும் ஸ்பிரிங்தான் அலகைத் திறந்தும் மூடியும் நிறுத்திவைக்கும்.

"நல்ல கத்தின்னா பாதில ஒரு தபா நிக்கணும். அப்பறம் டக்குனு ஒக்காரணும். கொய கொயன்னு போனா அது கத்தியே இல்ல" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் பாயில் எல்லாவற்றையும் பரப்பி, ஈர்க்குச்சியால் இடுக்கு அழுக்கெடுத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுவார். அண்ணி அவர் முதுகுப் பக்கம் நின்று ஏதாவது ஒன்றைத் திறந்து மூடுவார். சத்தத்தை வைத்தே, "எலும்புப் பிடி, ரெண்டு அலகு, ஓரிக்கைல இருந்தப்போ வாங்கினது" என்று திரும்பாமல் சொல்வார் அண்ணன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

எனக்கு அந்தக் கத்திகள் என்றால் ஆரம்பத்திலிருந்தே நடுக்கம். ஒருமுறை கயிறு அறுக்கும்போது அலகு மடங்கி அவர் ஆள்காட்டி விரலை எலும்பு தெரிய வெட்டியது. நான் மயங்கி விழுந்தேன். அவர் விரலைத் துணியால் சுற்றிக்கொண்டே, "கத்தி மேல தப்பு இல்ல, நான்தான் அலகு முதுகுல அமுக்கிட்டேன்" என்று அதற்காக வாதாடினார்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய புரட்டாசியில், போனில் பழக்கமான ஒரு வடமாநிலத்துப் பெரியவரிடம் நாற்பத்தெட்டாவது கத்திக்குச் சொல்லிவிட்டு, அண்ணன் அந்தப் பார்சலுக்காகக் காத்திருந்தார். அப்போதுதான் அந்த அழைப்பு வந்தது.

காலை பத்து மணி இருக்கும். உள்ளறையில் அவர் குரல் கேட்டது. "எஸ் சார், எஸ் சார்." மேலதிகாரியிடம்கூட அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அண்ணி காபியோடு போனார். "அங்கயே வெச்சிட்டுப் போ. உள்ள வராத" என்றார் அண்ணன். மதியச் சோறும் வாசலிலேயே ஆறிப்போனது. கதவு இடுக்கில் எட்டிப் பார்த்தேன். முதுகு விறைக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே புத்தகங்களின் மேல் சாய்த்துவைத்த போனில் காக்கி உடை போட்ட ஒருவன். அண்ணனின் பனியன் முழுக்க வியர்வை.

"இன்னா பாப்பா இது? போலீஸா?" என்று அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே நடந்தது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் பெயருக்கு வந்த பார்சலில் ஆயுதங்கள் பிடிபட்டன என்று சொல்லியிருக்கிறார்கள். ஆதார் எண்ணையும் வீட்டு முகவரியையும் பிசகில்லாமல் ஒப்பித்திருக்கிறார்கள். "நீங்கள் கைது செய்யப்பட்டிருக்கிறீர்கள். கேமராவை விட்டு நகரக் கூடாது. யாரிடம் சொன்னாலும் அவர்களும் உங்களோடு ஜெயிலுக்கு வருவார்கள்." அண்ணன் வாய் திறக்காமல் இருந்தது எங்களுக்காக.

மாலை நான்கு மணிக்குக் கதவு கொஞ்சம் திறந்து, ஒரு கை மட்டும் வெளியே நீண்டது. கையில் காலண்டர் தாள். பின்பக்கத்தில் எழுதியிருந்தார்: "கத்தி எல்லாத்தையும் கிணத்துல போட்டுடு. எதுவும் கேக்காதே."

உறவினர்களே, இதை இன்றுதான் உங்களிடம் சொல்கிறேன். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போய், "யாருடா நீ?" என்று நான் கேட்டிருக்கலாம். எனக்கும் பயம். அண்ணன் ஏதோ பெரிய வம்பில் மாட்டிக்கொண்டார், நாமும் மாட்டுவோம் என்ற பயம். கத்திகள் இருந்த மூன்று பிஸ்கட் டின்களையும் கோணியில் போட்டுக்கொண்டு கழனிக்கு நடந்தேன். வழியில் எதிர்ப்பட்ட ஒருவர், "இன்னாம்மா, கோணில?" என்று கேட்டார். "வரட்டி" என்றேன். மழை பெய்து கிணற்றில் பாதிக்கு மேல் தண்ணீர். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு டின்னாகக் கவிழ்த்தேன். திரும்பி நடக்கும்போது யாரோ பின்னால் வருவதுபோலவே இருந்தது.

மறுநாள் மதியம் அவரை வங்கிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். சேமிப்பு முழுவதையும் "சரிபார்ப்பதற்காக" ஒரு கணக்குக்கு மாற்ற வேண்டுமாம். சட்டைப் பையில் போன் பேசிக்கொண்டே இருக்க, அவர் எங்களைப் பார்க்காமல் வெளியேறினார். அண்ணியும் நானும் பத்தடி தள்ளிப் பின்னால் போனோம்.

வங்கியில் கவுண்டரில் இருந்தது ஓர் இளம்பெண். அண்ணன் நீட்டிய படிவத்தில் தொகையைப் பார்த்தார், பையில் பேசிக்கொண்டிருந்த போனையும் பார்த்தார். ஒன்றும் பேசாமல் ஒரு சலானின் பின்பக்கம் எழுதி நீட்டினார்: "ஐயா, யாராவது மிரட்டுறாங்களா?" அண்ணன் அதைப் படித்துவிட்டு அப்படியே நின்றார். அந்தப் பெண் எழுந்து வந்து, அவர் பையிலிருந்து போனை எடுத்து அணைத்தார். "ஐயோ, அணைக்காதம்மா! அவங்க வூட்டுக்கு வந்துடுவாங்க!" என்று அண்ணன் கத்தினார். வங்கி முழுவதும் திரும்பிப் பார்த்தது. வாழ்நாளில் அண்ணன் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

அந்த வங்கிப் பெண்ணே எங்களைக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். வாசல்படியில் ஏற மாட்டேன் என்று அண்ணன் நின்றுவிட்டார். அங்கிருந்த பெண் எஸ்.ஐ. வெளியே வந்து, வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். "ஐயா, போன்ல யாரையும் கைது பண்ண முடியாது. அவன் போலீஸே இல்ல, திருடன். நீங்க வெச்சிக்கினு இருந்தது பேனாக்கத்தி. அதுக்குப் போயி யாரு உங்கள புடிப்பா?"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எல்லாத்தையும் போட்டுட்டியா பாப்பா?"

"போட்டுட்டேண்ணா."

"சரி வுடு" என்றார்.

பணம் போகவில்லை. ஆனால் பயம் போய்விடும் என்று நாங்கள் நினைத்தது தவறு. அவன் பொய்க்காரன் என்று அண்ணனின் புத்திக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியவில்லை. வாசலில் வண்டி நின்றால் தோட்டத்துப் பக்கம் போய்விடுவார். போன் அடித்தால் கை காதைப் பொத்தும். பத்து நாள் கழித்து உண்மையான பார்சல் வந்தபோது, தபால்காரரைக் கண்டு குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். அண்ணி அதை வாங்காமல் திருப்பி அனுப்பினார்.

பங்குனியில் தண்ணீர் இறங்கியதும், அண்ணி அவரைக் கேட்காமலே மோட்டார் வைத்து இறைத்து, கிணறு தூர் வாருபவர்களை இறக்கினார். சேற்றிலிருந்து முப்பத்திரண்டு கத்திகள் கிடைத்தன. கொம்புப் பிடிகள் ஊறிப் பிளந்திருந்தன. ஸ்பிரிங்குகளில் துரு. கூடையைக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்தோம். வெகு நேரம் தொடவில்லை. பிறகு, "வாசக் கதவ சாத்து பாப்பா" என்றார். சாத்திவிட்டு வந்தபின் மண்ணெண்ணெயில் ஒவ்வொன்றாக ஊறப்போட்டார். அதில் பதினோரு கத்திகள் மறுபடி திறந்து மூடின. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பாய் விரிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டுதான் எடுத்துப் பார்ப்பார்.

ஆடி பிறந்து சில நாளில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. மருத்துவமனையில் மூன்று நாள் இருந்தார். கடைசி நாள் காலை, நர்ஸின் மேசையில் போன் மணியடித்தது. மயக்கத்தில் கிடந்தவர் கண்ணைத் திறந்து என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"வந்துட்டாங்களா பாப்பா?"

"யாரும் வர்லண்ணா. நான்தான் கீறேன். அண்ணி கீறாங்க."

"நீ போயிடு. உன்னையும் புடிச்சிடுவாங்க."

"போ மாட்டேன்" என்றேன். சொன்னபடியே அவர் கை தளரும் வரை பக்கத்தில் இருந்தேன். கம்பத்தின் உச்சியில் புயல் காற்றில் நின்றவர், முகம் தெரியாத ஒருவனுக்குப் பயந்தபடியே போய்ச் சேர்ந்தார். அதை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

ஒரு சலான் சீட்டில் அக்கறையோடு எழுதிக் கேட்ட அந்த வங்கிப் பெண்ணுக்கும், மரத்தடியில் நாற்காலி போட்ட எஸ்.ஐ. அம்மாவுக்கும், கிணற்றில் இறங்கியவர்களுக்கும், மருத்துவமனையில் முறைவைத்து எங்களோடு இருந்த அண்ணனின் லைன்மேன் நண்பர்களுக்கும், துக்கத்தில் துணைநின்ற உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்கள் வீட்டில் யாராவது கதவைச் சாத்திக்கொண்டு போனில் "எஸ் சார்" என்று சொல்வது கேட்டால், தயவுசெய்து உள்ளே போய்விடுங்கள். நான் போகவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது. தெரியாத எண். அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. அடுப்படியிலிருந்த அண்ணியைக் கூப்பிட்டேன். அவர் ஈரக்கையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் சேர்ந்து எடுத்தோம்.

"அம்மா, படையலுக்கு எத்தினி மணிக்கு வந்து பந்தல் போடணும்?" என்றார் ஒருவர்.