ஏழு வாளி வெந்நீருக்கு ஆறு நாள் ஓட்டம்

ஆர்.வி. என்கிற வீட்டு வண்டி ஓட்டுகிற வேலை என்பது, பிறத்தியாரின் வீட்டை அவர்கள் உள்ளே சமைத்துக்கொண்டும் சண்டை பிடித்துக்கொண்டும் இருக்கும்போதே ஓட்டிக்கொண்டு போகிற வேலை. மொன்ட்ரியாலில், சென்ட் லோரன்டில் ஒரு வாடகை யார்டில் இந்த வண்டிகளைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்த நான், கோடை வந்தால் சாரதியாகவும் போவேன். சொந்தபந்தத்தோடு ஒரே வாகனத்தில் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் பயணம் செய்தவர்களே, நீங்கள் என் இனம். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

மஞ்சள் வாளி

மொன்ட்ரியால்-நோரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மகேஸ்வரி அக்கா, திருகோணமலைக்காரர். கணவர் யோகநாதன் அண்ணை, யாழ்ப்பாணம். டவுன்டவுனில் ஒரு ரெஸ்ரோரண்டின் குசினியில் வேலை. மகள் ஆர்த்தி கல்லூரிக்குப் போகிறவள். அக்காவின் தாயார் ஊரில் காலமாகி மூன்று கிழமை ஆகியிருந்தது. அகதியாக வந்தவர் அக்கா. ஊருக்குப் போனால் இங்கே இருக்கிற உரிமையே போய்விடும் என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டாராம்.

திருகோணமலைக்காரர் செத்தவருக்கான முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையைக் கன்னியா வெந்நீர் ஊற்றடியில் செய்வார்கள். பக்கத்துப் பக்கத்தில் ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. கிரியை முடிந்ததும் ஏழிலும் அள்ளித் தலையில் வார்ப்பார்கள். அங்கே அக்காவின் அண்ணன் செய்யப்போகிறார். அவர் அங்கே முழுகுகிற அதே நேரத்தில், நிலத்துக்குள்ளிருந்து தானாக வருகிற சுடுதண்ணீரில் தானும் முழுக வேண்டும். அக்காவுக்கு அது ஒன்றுதான் வேண்டும். கியூபெக்கில் அப்படி ஊற்று இல்லை. மேற்கே ரொக்கி மலைக்குத்தான் போகவேண்டும். விமானத்தில் போகலாமே என்றேன். முப்பத்தொரு நாளும் கடைச் சாப்பாடு தொடமாட்டாராம், அடுப்பும் கூட வரவேண்டுமாம். வண்டியில் முதலில் ஏறியது ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வாளி. "வீட்டு பாத்ரூமிலும் சுடுதண்ணி வருதுதானே அக்கா?" என்று வாயைக் கொடுத்தேன்.

"அது பைப் தாற சூடு தம்பி. எனக்கு மண் தாற சூடு வேணும்."

முடியாத ஒன்ராறியோ

சனிக்கிழமை விடியப் புறப்பட்டோம். ஒன்ராறியோவைக் கடந்தவர்களுக்குத் தெரியும், அது கடக்கிற மாகாணம் இல்லை, குடியிருக்கிற மாகாணம். இரண்டரை நாள் பைன் மரம், பாறை, ஏரி. மறுபடி பைன் மரம். சுப்பீரியர் ஏரி வந்தபோது மட்டும் வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். அக்கரை தெரியவில்லை. உப்பு மணக்காத கடல். எத்தனையோ தரம் பார்த்த எனக்கே அது இன்னும் பழகவில்லை. நாலு பேரும் கரையில் இறங்கி நின்றோம். யோகநாதன் அண்ணைதான் முதலில் வாய் திறந்தார். அவருக்கு இரண்டு நாளாக என்மேல் ஒரு சந்தேகம்.

"உண்மையைச் சொல்லும் தம்பி, இந்தப் பாறையை நேற்றும் காட்டினனீர்தானே?"

புட்டுக்கு அடித்த அலாரம்

சஸ்கச்சுவானில் ஒரு முகாமிடத்தில் நின்றோம். புட்டுக்குத் தொட்டுக்கொள்ளச் சம்பல் செய்ய அக்கா காய்ந்த செத்தல் மிளகாயை வறுத்தார். ஆர்.வி.க்குள் மிளகாய் வறுக்கவேண்டாம் என்று வாடகைப் பத்திரத்தில் எழுதவேண்டும் என்று எத்தனை தரம் யார்டில் சொல்லியிருப்பேன்! புகை அலாரம் கத்தத் தொடங்கியது. பக்கத்து வண்டியிலிருந்த கிழவர் ஒருவர் தீயணைப்புக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். பின்னால் அவருடைய மனைவி, நாய். மூவருக்கும் கண் எரிந்து இருமல் வந்துவிட்டது.

அரைமணி நேரத்தில் அந்த இருவரும் எங்கள் மடக்குக் கதிரையில் இருந்து புட்டும் சம்பலும் சாப்பிட்டார்கள். நாய்க்கும் வெறும் புட்டு. செத்தவீட்டுத் துடக்கோடு விருந்து வைக்கலாமா என்று அண்ணை மெதுவாகக் கேட்டார்.

"நெருப்பணைக்க வந்த மனுசரை வெறும் வயித்தோட அனுப்புறதோ? அம்மா கேட்டா என்ன சொல்லுவா?"

குளோரின் மணம்

அல்பேர்ட்டாவில் வெட்டவெளி முடிகிற இடத்தில் ரொக்கி மலை திடீரென்று எழும்பி நிற்கும். புதன்கிழமை அதைக் கண்டதும் பின்னால் ஆர்த்தி போனைக் கீழே வைத்தாள். அப்படி நடந்தது அதுதான் முதல்தரம். ஆடி மாதத்திலும் உச்சியில் பனி. இவ்வளவு பெரியதைப் பார்க்கையில் மனிதனுக்கு ஏன் அழுகை வருகிறதென்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை, எனக்கு வரும். கண்ணாடியைத் துடைப்பதாகப் பாவனை செய்வேன்.

வாடிக்கையாளர்களை நான் வழமையாகக் கூட்டிப்போகும் வெந்நீர்க் குளத்துக்கு இவர்களையும் பெருமையாகக் கூட்டிப்போனேன். சீமெந்துத் தொட்டி, நீல ஓடு, லொக்கர், ஊதல் ஊதுகிற காவலாளி. ஊற்றுத் தண்ணீர்தான், ஆனால் சுத்திகரித்து விடுகிறார்கள். அக்கா குனிந்து ஒரு கை அள்ளினார், முகர்ந்தார், வாளியை எடுத்துக்கொண்டு வண்டிக்குத் திரும்பி நடந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இன்னும் மேற்கே காட்டுக்குள் இயற்கையாகவே ஓர் ஊற்று இருக்கிறதென்று அந்தக் காவலாளிதான் வழி கீறித் தந்தார். எனக்கு அது தெரியாத பாதை. ஆனாலும் வெள்ளிக்கிழமை விடிய ஆறு மணிக்குத்தானே கிரியை, ஒரு முழு நாள் கையில் இருக்கிறது என்று அக்காவைத் தேற்றினேன்.

"கோவிக்காதையும் தம்பி. இந்தத் தண்ணிக்கு, தான் எந்த மண்ணால வந்ததெண்டு மறந்துபோச்சு."

அவர்களுடைய நாளைக்கு

வியாழன் காலை எட்டு மணிக்குத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது அக்காவின் போனுக்கு அண்ணனின் குரல் வந்தது: "எல்லாம் ஆயத்தம், நாளைக்கு விடிய ஆறு மணிக்குத் தொடங்குறம்." அக்கா தலையாட்டினார். அண்ணை தலையாட்டினார். நானும் ஆட்டினேன். வருடக்கணக்காக ஊருக்குப் போன் எடுத்து, 'இப்ப அங்க இரவு' என்று நித்திரையிலும் சொல்லக்கூடிய மூன்று பேர். ஆனால் திகதியை மட்டும் மூன்று பேரும் சுவரில் தொங்கிய மொன்ட்ரியால் கலண்டரைப் பார்த்துக் குறித்திருந்தோம். துக்கத்தில் அக்காவுக்குக் கணக்குப் பிசகியது சரி. எனக்கு என்ன நடந்தது?

ஆர்த்தி பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்து விரல் விட்டு எண்ணினாள். எண்ணி முடிய அவள் முகம் மாறியது.

"அம்மா, அவையின்ர நாளைக்கு விடிய எண்டா எங்கட இண்டைக்குப் பின்னேரம். ஆறரைக்கு."

கிடைத்த ஒரு மணித்தியாலம்

கிரியை தொடங்கப் பத்தரை மணித்தியாலம் இருந்தது. மலைப்பாதையில் ஆர்.வி. ஓட்டியவர்களே, ஏற்றத்தில் அது படுகிற பாட்டை நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு இடத்தில் வீதி வேலை. கொடி பிடித்த பெண் சிரித்துக்கொண்டே எங்களை நிறுத்தினாள். அக்கா வாளியை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கணவாய் ஒன்றைத் தாண்டியதும் நேர வலயம் மாறி, போனில் நேரம் ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போனது. ஒரு மணித்தியாலம் மிச்சம் என்று நான் கத்தியே விட்டேன். ஒருவரும் கைதட்டவில்லை.

ஏரியைக் கடக்க, வண்டிகளை ஏற்றிப்போகிற படகுக்கு வரிசை. எங்களுக்கு முன்னால் நின்ற காரோடு படகு நிறைந்து புறப்பட்டுவிட்டது. அடுத்தது வரும்வரை கரையில் நின்றோம். பச்சைத் தண்ணீர், அதற்குள் தலைகீழாக மலை. அவ்வளவு அழகை நான் கண்டதில்லை. அதை ரசிக்கிற நிலையில் நான் இல்லை. அண்ணை என் தோளில் கை வைத்தார்.

"மணிக்கூடுதான் தம்பி பின்னுக்குப் போனது. கன்னியாவில விடியிறது விடியிற நேரத்துக்குத்தான்."

இஞ்சையும்

காட்டுப் பாதையோரம் வண்டியை விட்டு, செங்குத்தான சரிவில் வேரைப் பிடித்துப் பிடித்து இறங்கினோம். மாறிய நேரப்படி ஐந்தேகால், கிரியை தொடங்க இன்னும் கால் மணித்தியாலம். கீழே பனியுருகி ஓடுகிற ஆறு. அதன் கரையில் கற்களை அடுக்கிய நாலு சின்னத் தடாகங்கள். பாறை வெடிப்பிலிருந்து தண்ணீர் ஆவி பறக்க வந்துகொண்டிருந்தது. குழாய் இல்லை, கம்பி இல்லை, ஒரு பெயர்ப்பலகை கூட இல்லை. யாரும் பார்க்காத நாளிலும் அது இப்படியே சுட்டுக்கொண்டு ஓடியிருக்கும் என்று நினைத்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மேல் தடாகத்தில் வயதான ஒரு சோடி, பிறந்த கோலத்தில். அண்ணை அவசரமாக மர உச்சியை ஆராயத் தொடங்கினார். "பொன்ஜூர்!" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னார்கள், கியூபெக்காரர்! ஆர்த்தி விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர்கள் துவாயைச் சுற்றிக்கொண்டு எழுந்து, ஆகச் சூடான அந்தத் தடாகத்தை விட்டு விலகினார்கள். நாங்கள் குளிக்க வந்தவர்கள், நீங்கள் அம்மாவிடம் வந்தவர்கள், இடம் உங்களுக்குத்தான் என்று அந்த மனிதர் சொன்னதாக ஆர்த்தி தமிழில் சொன்னாள். ஐந்தரைக்கு அக்கா கல்லில் குந்தியிருந்து கையைத் தண்ணீருக்குள் விட்டார். வீட்டை விட்டுப் புறப்பட்டதிலிருந்து ஒரு சொட்டும் அழாதவர் அப்போது அழுதார். எங்களோடு அவர் பேசவில்லை.

"அம்மா, இஞ்சையும் சுடுதம்மா."

ஐயர் வந்த நேரம்

கிரியை முடிந்த பிறகுதான் முழுக்கு. ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும் என்பது கணக்கு. பள்ளத்தில் போனுக்கு சிக்னல் இல்லை, கேட்க வழியில்லை. ஆறரையானது. "முடிஞ்சிருக்கும் அக்கா, வாருங்கோ" என்றேன். இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். ஏழு ஆனது. அண்ணையும் சொல்லிப் பார்த்தார். தண்ணீரில் காலை விட்டபடி, கண்ணை மூடிக்கொண்டு அவர் அசையவில்லை. ஏழரைக்குத் தானாக எழுந்தார். நாலு தடாகத்திலும் ஒவ்வொரு வாளி. ஏழுக்கு மூன்று குறைந்தது. மேலிருந்து மறுபடி மூன்று. கடைசி வாளி தலையில் விழுந்தபோது மலைக்குப் பின்னால் போகிற வெயில் ஆவிக்குள் நின்றது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். ஏன் கழற்றினேன் என்று கேட்காதீர்கள்.

அடுத்த நாள் சிக்னல் வந்ததும் அக்காவின் அண்ணன் ஊரிலிருந்து பேசினார். ஐயர் வர ஒரு மணித்தியாலம் பிந்திவிட்டதாம். ஏழு மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்குத்தான் முடிந்ததாம். நான் வண்டியை ஓரமாக நிறுத்தி விரல் விட்டு எண்ணினேன். கன்னியாவில் எட்டு என்றால் எங்கள் ஏழரை. உடம்பு சிலிர்த்தது. "எப்பிடி அக்கா தெரிஞ்சது? அம்மா வந்து சொன்னவவோ?" என்று பயபக்தியோடு கேட்டேன். அக்கா தலைமுடியை உலர்த்திக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"எங்கட ஐயர் எண்டைக்குத் தம்பி சொன்ன நேரத்துக்கு வந்தவர்?"

ஆறு மாகாணமும் மூன்று நேர மாற்றமும் தாண்டி ஓட்டிக் களைத்த பிறகு இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது, போகிற வழியை மட்டும் சாரதியிடம் கேட்கலாம், நேரத்தை வண்டியில் இருக்கிற அக்காமாரிடம்தான் கேட்கவேண்டும் என்பதுதான்.