ஓட்டம் நின்ற விமானம்

திருச்செங்கோட்டில் நாங்கள் வாடகைக்கு எடுத்த வேனின் ஓட்டுநர் அவர். முதல்நாள் இரவு முழுக்கக் கல்யாணச் சவாரி ஓட்டிவிட்டு, முகத்தைக் கழுவி, ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக எங்களை ஏற்ற வந்துவிட்டார். கண்கள் சிவந்திருந்தன. வண்டி எங்கே நின்றாலும் இறங்கி, டயர்களை முஷ்டியால் குத்திப் பார்ப்பார்.

பழைய ராணுவ விமானத்தளத்தில் இருந்த அருங்காட்சியகத்துக்குள்ளும் எங்களோடு வந்தார். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவர் கயிற்றுக்கு அடியில் குனிந்து போய் ஒரு போர் விமானத்தின் சக்கரத்தைக் குத்தினார்.

"காத்தே இல்லீங்க. ஏனுங்க, இதுக்கு இனிமே ஓட்டமே கெடையாதுங்களா?"

"கிடையாதுங்க. பாவம், இங்கேயே நிற்க வேண்டியதுதான்," என்றேன்.

"பாவமுங்களா?" விமானத்தை மூக்கிலிருந்து வால்வரை பார்த்தார். "மேல கூரை. சுத்தியும் கயிறு. யாரும் தொடக்கூடாதுன்னு போர்டு வேற. குடுத்து வெச்ச வண்டிங்க."

அதற்குள் வாசலிலிருந்து என் மைத்துனர் கூப்பிட்டார். "டிரைவரே, போற வழியில அப்படியே ஏற்காடும் ஏறி எறங்கிரலாமுங்களா?"

"போலாமுங்க."

கிளம்பும்முன் அந்தச் சக்கரத்தை மறுபடி தொட்டார். இந்த முறை குத்தவில்லை. தூங்குகிற பிள்ளையைத் தட்டுவதுபோல மெல்லத் தட்டிவிட்டு வந்தார்.