கோழிகள் கொத்திய சிவப்புச் செதில்கள்

என் கணவருக்குச் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் பழைய பெயிண்ட் சுரண்டும் வேலை. அவர் சட்டையைக் கொல்லையில் உதறிவிட்டுத்தான் துவைப்பேன். உதிரும் சிவப்புச் செதில்களைக் கோழிகள் ஓடிவந்து கொத்தும். நானும் சிரித்துக்கொண்டே இன்னும் உதறுவேன்.

தேக்கா சந்தையில் வாங்கிய ஆறு கோழிகளும் ஒரே மாதத்தில் காலை இழுத்து நடந்தன, கழுத்து தொங்கிப்போனது. சீக்கு என்று மிளகும் சின்ன வெங்காயமும் அரைத்துக் கொடுத்தேன். ஒன்றும் பிழைக்கவில்லை. கடைசியாகச் செத்ததைக் கணவர் அறுத்துப் பார்த்தார். இரைப்பை நிறையச் சிவப்புச் செதில்கள்.

"இதைத்தானே நீங்க தினம் மூக்குல இழுக்குறீங்க?" என்றேன்.

"வேற வேலைக்கு எங்க போறது லா?" என்றார்.

இப்போது சட்டையை உதறாமல் வாளித் தண்ணீரில் முக்கிவிடுகிறேன். புதிய கோழிகளைக் கூண்டைவிட்டு வெளியே விடுவதில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பி, இருமிக்கொண்டே சைக்கிளைத் தள்ளி வரும் அவருக்கு மட்டும் கதவைத் திறந்துவிடுகிறேன்.