வன்னிக்காட்டில் வெட்டிய குருத்து

கல்யாணமாகி நாலு வருஷம். அதில் என் புருஷனோடு நான் இருந்த நாட்களை எண்ணினால் மூன்று மாதம் தேறாது. அவருக்கு வளைகுடாவில் ஏசி டெக்னீஷியன் வேலை, ரெண்டு வருஷத்துக்கு ஒரு லீவு. இன்னும் விசேஷம் இல்லையா என்று கோயில் வாசலில் கேட்டவளிடம், "ஆள் அங்க, நான் இங்க. பிள்ளை தபால்லயா வரும்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அந்தப் பேச்சு அவர் காதுக்கும் போய்த்தான் விசிட் விசா வந்தது.

அவர் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப்பில் பெண்களுக்கு இடமில்லை. துபாயில் தேரா பக்கம் நாலு குடும்பத்தோடு ஒண்டிக்கொள்ளக்கூட அவர் சம்பளம் எட்டாது. அவருடைய அர்பாப், அதாவது முதலாளி, மனமிரங்கி ராஸ் அல் கைமாவுக்கும் வடக்கே ஒரு வன்னிமரக் காட்டுக்குள் விருந்தாளிகளுக்கென்று கட்டிப்போட்டிருந்த ஸ்டுடியோவைத் திறந்துவிட்டார். ஸ்டுடியோ என்றால் ஒரே அறை, மூலையில் அடுப்பு, கதவுக்குப் பின்னால் குளியலறை. அவ்வளவுதான்.

கடல் இரைச்சலும் மீன் ஏலச் சத்தமும் கேட்டு வளர்ந்தவள் நான். அந்த அமைதி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பகல் முழுக்க மரங்களும் நானும் தோட்டக்காரரும்தான். அவர் பெஷாவர்க்காரர், அறுபதை நெருங்கியவர். என்னை "பெஹன்", தங்கச்சி, என்பார், நான் "பாய்", அண்ணன், என்பேன். அதற்கு மேல் எங்களுக்குள் மொழி கிடையாது. எனக்கு வாந்தி தொடங்கிய வாரம், யாரும் சொல்லாமலே நாலு எலுமிச்சம்பழத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனார். என் புருஷனுக்கு அடுத்தபடியாக விஷயம் தெரிந்தவர் அவர்தான். அர்பாப்பும் கேள்விப்பட்டு, விசாவை மாற்றித் தருகிறேன், பிள்ளை பிறந்த பிறகும் அங்கேயே இருங்கள் என்றார். நான் தரையில் நிற்கவில்லை.

குருத்தோலை ஞாயிறு வந்தது. அங்கே ஞாயிறு பூசையை வெள்ளிக்கிழமையே வைத்துவிடுவார்கள். அந்த வெள்ளி அவருக்கு டியூட்டி, கூட்டிப்போக ஆளில்லை. ஓலை இல்லாமல் என்ன குருத்தோலை ஞாயிறு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அறைக்குப் பக்கத்தில் இளம் பேரீச்சை ஒன்று நின்றது, கொண்டை என் தலை உயரம்தான். எங்கள் ஊர்ப் பனையில் வருஷா வருஷம் குருத்து வெட்டுகிறார்கள், பனைக்கு ஒன்றும் ஆவதில்லை. அந்த நினைப்பில் ஞாயிறு காலை மீன் நறுக்கும் கத்தியை எடுத்துப்போய், வெள்ளைக் குருத்து வேண்டுமென்று அடிவரை தோண்டி எடுத்தேன். இடைஞ்சலாக நீட்டிக்கொண்டிருந்த ரெண்டு பாளையையும் சீவிப் போட்டேன்.

படியில் உட்கார்ந்து சிலுவை பின்னும்போது பாய் வந்தார். ஓலையைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டார். சைகையிலேயே புரியவைத்தார். காய் பிடிக்கவென்று அந்தப் பாளைகளில் ஆண் பூவை வைத்துக் கட்டியது அவர்தான். அந்த மரம் காய்க்கப்போவது அதுதான் முதல் தரம். நடுக்குருத்து போனால் மரமும் போச்சு. நான் அழுததைப் பார்த்து, போகட்டும் என்று கையசைத்துவிட்டுப் போனார்.

பெரிய வெள்ளியன்று அர்பாப் வந்தார். இறந்துபோன தாயார் நினைவாக அவரே நட்ட மரமாம் அது. எங்கள் மூன்று பேரையும் நிறுத்தி, யார் வெட்டியது என்று அரபியில் கேட்டார். அதைப் புரிந்துகொள்ள எனக்கு அரபி தேவைப்படவில்லை. நான் வாய் திறப்பதற்குள் என் புருஷன் முணுமுணுத்தார்.

"ஏட்டி, சும்மா கெட. சாவியைப் பிடுங்கிருவான். அடுத்த பிளேன்ல நீ ஊருக்கு. திரும்பவும் நீ அங்க, நான் இங்க. வேணுமா உனக்கு?"

எனக்கு வேண்டாம். சும்மா நின்றேன்.

ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே என் ஓலைச் சிலுவை காய்ந்து மஞ்சளாகித் தொங்கிக்கொண்டிருந்தது. பாய் ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும். ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அர்பாப் "கலாஸ்" என்றார். அவ்வளவுதான், முடிந்தது. ஒரு வாரத்தில் பாயின் விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். போகிற அன்று காலையிலும் அவர் மரங்களுக்குத் தண்ணீர் விடுகிற சத்தம் கேட்டது. நான் கதவைத் திறக்கவில்லை.

"வயசாளி, இன்னைக்கில்லன்னா நாளைக்கு ஊருக்குப் போக வேண்டியவருதானே" என்றார் என் புருஷன். ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை. ஆனால் அந்த அறையைவிட்டு நான் போகவும் இல்லை. என் மகள் அங்கேதான் தவழ்ந்தாள்.

இப்போது குருத்தோலை ஞாயிறு வந்தால், கோயிலில் கொடுத்த ஓலையை அவள் என்னிடம் நீட்டி, சிலுவை பின்னித் தாங்கம்மா என்பாள்.

எனக்குப் பின்னத் தெரியாது என்று சொல்லிவிடுவேன்.