மாப்பிள்ளை பாதியில் எழுந்து போன படம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ரசம் சாதம் தந்த மயக்கத்தில் நான் சோபாவில் சாய்ந்திருந்தேன். மகள் டிவியில் எதையோ தேடிக்கொண்டே போய் ஒரு படத்தில் நிறுத்தினாள். பனிமூட்டம், கோட்டை, சவப்பெட்டி. மூடி கிறீச்சென்று திறந்து, வெளுத்த கை ஒன்று வெளியே வந்தது. என் தூக்கம் போய்விட்டது.

"ஐயோ, இந்தப் படமா!"

பேப்பரில் மூழ்கியிருந்த என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "மோட்டாரை நிறுத்தினேனா இல்லியா..." என்று முனகியபடி மாடிக்கு நழுவினார். எங்கள் அடையாறு ஃப்ளாட்டில் மோட்டார் போடுவதும் நிறுத்துவதும் வாட்ச்மேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு நிச்சயமாகி, கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்த சமயம். அவர் நங்கநல்லூர்க்காரர்; ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். பெண் பார்க்க வந்தபோது என்னைப் பார்த்து அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "காபி நல்லா இருக்கு." காபி போட்டது என் அத்தை. மிச்சமெல்லாம் அவருடைய அப்பாதான் பேசினார். "எங்க பையன் பாம்பைக்கூடக் கையால பிடிப்பான்!" எனக்கு உதறல் எடுத்துவிட்டது. கரப்பான்பூச்சிக்கே கட்டில்மேல் ஏறுகிறவள் நான். இந்த வீராதி வீரரோடு எப்படிக் காலம் தள்ளுவது? வேண்டாமென்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அவர் எங்கள் மயிலாப்பூர் வீட்டுக்கு வந்து, என்னை சினிமாவுக்குக் கூட்டிப்போக அப்பாவிடம் அனுமதி கேட்டார். அத்தையும் கூட வருவாள் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. தி.நகரில் ஒரு தியேட்டர், மேட்னி ஷோ. அவர் நினைத்து வந்தது ஒரு குடும்பப் படம். அன்றைக்கென்று படத்தை மாற்றிவிட்டிருந்தார்கள். போஸ்டரில் ஒருவன் கோரைப்பல் தெரிய நின்றான்.

"யாருடி இது, பல் டாக்டரா?" என்றாள் அத்தை.

அவர் முகம் வெளுத்தது. வெயில்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

முறுக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அத்தை எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். வெள்ளைக்காரப் படம், தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். ரத்தக்காட்டேரி சுத்தமான செந்தமிழில் பேசியது: "பெண்ணே, உன் கழுத்தில் இருப்பது எனக்கு வேண்டும்!"

"நகையைக் கேக்கறான்" என்று அத்தை எனக்கு விளக்கினாள்.

கதாநாயகி எதுவும் தெரியாமல் ஜன்னலோரம் நின்றாள். முன் வரிசையிலிருந்து ஒருத்தர் தாங்கமாட்டாமல் கத்தினார்: "யம்மா, திரும்பிப் பாரும்மா! பின்னாலயே கீறான்!"

அவள் திரும்பவில்லை. பல் இறங்கியது. தியேட்டர் முழுக்க அலறல். "டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று என் வருங்காலக் கணவர் எழுந்து போனார்.

இடைவேளை வந்தது, முடிந்தது. அவர் மட்டும் வரவில்லை.

"மாப்பிள்ளைக்கு உன்னைப் பிடிக்கலையோ என்னவோ" என்றாள் அத்தை, முறுக்கைக் கடித்தபடி. நான் கதவையே திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வேண்டாமென்று சொல்ல நினைத்தவளுக்கு எதற்குக் கலக்கம் என்று கேட்காதீர்கள். எழுந்து தேடப் போனேன்.

கேன்டீன் படியில் நின்றிருந்தார். கையில் சமோசாப் பொட்டலம். அதைப் பிரிக்கவே இல்லை.

"படம் ஆரம்பிச்சிடுச்சு. உள்ள வரலையா?"

"எனக்குப் பயமா இருக்குங்க."

"பாம்பெல்லாம் பிடிப்பீங்கன்னு உங்கப்பா சொன்னாரே?"

பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். "அது மண்புழுங்க. ஸ்கூல்ல அறுத்துப் பார்க்கக் கொடுத்தாங்க."

நான் சிரித்த சிரிப்பில் கேன்டீன்காரர் எட்டிப் பார்த்தார். அப்புறம் படம் முடியும்வரை அங்கேயே நின்று பேசினோம். லிஃப்ட், பல்லி, பட்டறை முதலாளி, என் அப்பா என்று பயங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். நானும் என் பங்குக்குச் சொன்னேன். ஒன்றிரண்டு பொதுவாக இருந்தன. இவரையே கட்டிக்கொள்ளலாம் என்று நான் முடிவு செய்தது அந்தப் படியில்தான்.

முழுப் படத்தையும் தனியாகப் பார்த்துவிட்டு அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "பாவம்டி, அந்தப் பல்லுக்காரப் பையனை வெயில்ல நிக்கவெச்சே கொன்னுட்டானுங்க."

ஆக, இரண்டாம் பாதியை நான் போன ஞாயிறுதான் முதல்முறையாகப் பார்த்தேன். வவ்வாலைக் கட்டிய நூல் தெரிந்தது. ரத்தம் தக்காளி சாஸ் மாதிரி இருந்தது. கோரைப்பல் உதட்டில் இடித்து அந்த ஆளால் வாயை மூடவே முடியவில்லை. "இதுக்கா அப்பா ஓடினாரு?" என்று மகள் உருண்டு உருண்டு சிரித்தாள். மாடிக்குப் போனவர் படம் முடிந்த பிறகுதான் இறங்கினார்.

அத்தை போய்ப் பல வருஷமாகிறது. தியேட்டரை இடித்து ஐந்து மாடி ஜவுளிக்கடை கட்டிவிட்டார்கள். போன ஆடித் தள்ளுபடிக்குப் போயிருந்தபோது, அந்தப் படி எந்த இடத்தில் இருந்திருக்கும் என்று இருவரும் வாசலில் நின்று கணக்குப் போட்டோம். அவர் பில் போடும் இடம் என்றார். நான் லிஃப்ட் பக்கம் என்றேன். அதற்குள் செக்யூரிட்டிக்காரர் வந்துவிட்டார்.

"இன்னா சார், வழிலயே நின்னுக்கினு கீறீங்க? ஜனம் வருது, நகருங்க."

நகர்ந்தோம்.