படத்தில் காட்டியபடி

போன ஞாயிறு, பொத்தேரியில் ஒரு பரோட்டாக் கடை மாடியில் என் மானம் கப்பலேறியது. அதற்காக நான் இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைக்கவே இல்லை!

போனில் ஒரு தட்டு தட்டினால் ஆப் வந்து உட்கார்ந்துகொள்கிறதே... அப்படி உட்காரும்படி மென்பொருளைக் கட்டி அனுப்புவதுதான் பேக்கேஜிங். கம்ப்யூட்டரில் அதைச் செய்யும் ஓர் இலவச மென்பொருள் அமைப்புக்காக எங்கள் குழு அந்த மாடியில் கூடும்; அதற்குத் தமிழில் வழிகாட்டி எழுதுவது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. சம்பளம்? பரோட்டா. அதுவும் என் காசில்.

அந்த அமைப்பின் புதிய பதிப்பு வரப்போகிறது என்பதால் வழிகாட்டி முழுவதையும் வரிவரியாகத் திருத்தியிருந்தேன். கொஞ்சம் கர்வம்கூட.

அன்று கோவளத்திலிருந்து ரஃபீக் பாய் வந்தார். புரோகிராமர். பார்வை கிடையாது. திரையில் இருக்கும் தமிழைச் சத்தமாக வாசிக்கும் மென்பொருள் ஒன்றை எழுதியிருக்கிறார். ஆனால் அதை நிறுவ, பார்வையில்லாத ஒவ்வொரு நண்பர் வீட்டுக்கும் அவரே பஸ் ஏற வேண்டும். பேக்கேஜ் ஆகிவிட்டால் அவரவரே இறக்கிக்கொள்வார்கள். புதிய பதிப்பில் சேர்க்க அன்று மாலைதான் கடைசி. விட்டால் அடுத்த வருஷம்தான்.

காதில் இயர்போன். விரல்கள் கீபோர்டில் பறந்தன. சட்டென்று நின்றன.

"அண்ணாத்த, உன் வழிகாட்டி இன்னா சொல்லுது தெரியுமா? 'கீழே படத்தில் காட்டியபடி செய்யவும்'னு சொல்லுது. எனக்கா?"

எனக்கு வேர்த்துவிட்டது. அவரோ மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"சரி வுடு. படத்துல இன்னா கீதுன்னு சொல்லு, செஞ்சிக்கிறேன்."

"மேலே 'சரிபார்'னு ஒரு பட்டன் இருக்கும் பாய். அதை அழுத்துங்க."

"அப்படி ஒண்ணு படிக்கவே இல்லியே..."

அவர் திரையை எட்டிப் பார்த்தேன். பட்டன் இல்லைதான்! என் படம் பழைய பதிப்பின் படம். வரிகளைத் திருத்திய நான், படத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆக, அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் மாடியில் இரண்டு பேர். அதில் ஒருவருக்குத்தான் நியாயமான காரணம் இருந்தது.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் — குறையைக் கண்டுபிடித்தவரே திருத்த வேண்டும். புதிய பதிப்பில் அந்த பட்டனுக்குப் பதில் என்ன செய்வது என்று இருவரும் தேடினோம். ஒரே ஒரு கட்டளை! பாய் படத்தைத் தூக்கிவிட்டு அதை ஒரு வரியில் எழுதினார். படிக்கச் சுகமாக இருந்தது. பரோட்டா ஆறி அட்டையாகிவிட்டது. இருட்டுவதற்குள் பேக்கேஜ் உள்ளே போய்விட்டது.

சற்று நேரத்தில், புதிய பதிப்பை முன்கூட்டியே சோதித்துப் பார்க்கும் அவர் நண்பர் ஒருவரின் போன், அச்சரப்பாக்கத்திலிருந்து. ஸ்பீக்கரில் போட்டார்.

"மச்சான், நானே ஏத்திட்டேன்டா! யாரும் கூட இல்ல!"

பின்னால் ஒரு கம்ப்யூட்டர் குரல் தமிழில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. பாய் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மாடியிலிருந்த அத்தனை பேருக்கும் சூடாகப் பரோட்டா சொன்னார். நான் இவ்வளவு மகிழ்ச்சியாகச் சாப்பிட்டு வெகுநாளாயிற்று.

பஸ் ஏறும்போது சொன்னார்: "இதப் பத்தி நீ உன் பத்திரிகைப் பக்கத்துல எழுதாம இருக்க மாட்டே. எங்க பசங்க எல்லாரும் கேட்டுகினு இருப்பானுங்க, பாத்து எழுது!"

ஆசிரியர் அவர்களே... இந்த வாரம் என் பக்கத்துக்குப் படம் வேண்டாம்.